பவுல் ஊதினால் இடம் மாற வேண்டும்

சுலோஜனா டீச்சரைப் பற்றி ஊர் கதைத்ததெல்லாம் என் வாயில் இருந்துதான் புறப்பட்டது என்று சொல்கிறார்கள். அநியாயம். நான் சொன்னது இரண்டே இரண்டு வசனம். மிச்சத்தை ஊர்தான் உப்புப் புளி போட்டு ஆக்கியது.

அந்த இரண்டு வசனமும் இவைதான்: காலிதீன் சேர் கண்ணால் ஒன்று கேட்கிறார், டீச்சர் தலையை ஆட்டுகிறா. விசில் ஊதினால் இரண்டு பேரும் இடம் மாறி நிற்கிறார்கள்.

இதில் எது பொய்? கூடைப்பந்து ஆட்டத்தில் நடுவர்களாக நின்ற இரண்டு பேர் செய்ததை, மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கண்டபடி சொன்னேன். அந்த மதில் என் வீட்டு மதில். ஆடுகளத்தின் நடுக்கோடு என் மதிலில்தான் வந்து முட்டுகிறது. பின்வேலிக்கு அந்தப் பக்கம் டீச்சர் இருக்கும் வளவு. வீடு இப்படி அமைந்துவிட்டால் ஒருத்தி கண்ணையும் காதையும் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

ஆடுகளம் வந்த கதை உங்களுக்குத் தெரியாது. சுனாமிக்குப் பிறகு வெள்ளைக்காரர் கொஞ்சப் பேர் வந்து, கல்முனைக் கடற்கரையில் எங்களைக் கதிரை போட்டு இருத்தி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நாங்கள் கக்கூஸ் என்றோம். கவனமாக எழுதிக்கொண்டு போனார்கள். ஆறு மாதம் கழித்துக் கூடைப்பந்து ஆடுகளம் வந்து இறங்கியது. முதல் இரண்டு வருடம் அதில் நெத்தலி காய்ந்தது. அதன் பிறகுதான் சுலோஜனா டீச்சர் விளக்குமாறோடு வந்தா.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் படிப்பிக்கிறவ. கலியாணம் முடித்து எட்டாவது மாதம் புருசனைக் கடல் கொண்டுபோனது. அன்றிலிருந்து அண்ணன் கனகரெத்தினத்தின் வளவில் ஒரு அறையும் குசினியுமாக இருக்கிறா. கனகரெத்தினம் கரைவலை வைத்திருக்கிறவர். இருபது பேர் அவருடைய சத்தத்துக்கு வலை இழுப்பார்கள். தங்கச்சியும் அதே சத்தத்துக்கு நடக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பெரும்பாலும் நடந்தா. ஒரு விசயத்தில் மட்டும் நடக்கவில்லை. அம்பாறையில் நடுவர் பயிற்சி வைத்தபோது, வேண்டாம் என்று அவர் சொல்லி முடிக்கும் முன் டீச்சர் பஸ் ஏறிவிட்டா.

இந்தக் கரையில் இருந்து அந்தப் பயிற்சிக்குப் பதினாலு பேர் போனார்கள். பாஸ் பண்ணியது இரண்டு பேர். ஒன்று எங்கள் டீச்சர். மற்றது சாய்ந்தமருதுக் காலிதீன் சேர், நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகள். மூன்றாவது பிள்ளையையும் உம்மாவையும் சுனாமியில் கொடுத்தவர். ஆகவே கல்முனையில் ஆட்டம் என்றாலும் இந்த இரண்டு பேர்தான், அக்கரைப்பற்றில் என்றாலும் இந்த இரண்டு பேர்தான். சாம்பல் நிறச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கழுத்தில் விசில். விதவைப் பெண் காற்சட்டை போட்டதற்கே எங்கள் ஒழுங்கைத் தெரு ஒரு மாதம் கதைத்தது. அது என்னுடைய கதை இல்லை, குஞ்சம்மாவுடையது.

குஞ்சம்மா என் பக்கத்து வளவு. என்னுடைய இரண்டு வசனத்தையும் முதலில் கேட்டவ அவதான்.

"கண்ணால கேக்கிறாரா?" என்றா. "என்னத்தைக் கேக்கிறார்?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? நான் மதிலடியில நிண்டன். கண்ணுக்குள்ளயா நிண்டன்?"

"ஒருக்காத்தானா?"

"விசில் ஊதுற நேரமெல்லாம்."

"ஐயோ செல்லத்தங்கம்!" என்று குஞ்சம்மா வாயில் கையை வைத்தா. கையை எடுத்தபோது அவவுக்குச் சந்தைக்குப் போகும் அவசரம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அது எனக்கே திரும்பி வந்தபோது என்னால் அடையாளம் பிடிக்க முடியவில்லை. சம்மாந்துறையில் வீடு பார்த்தாயிற்றாம். மாதக் கடைசியில் டீச்சர் போகிறாவாம். காலிதீன் சேரின் மனைவி மூன்று நாளாகச் சோறு தின்னவில்லையாம். யுத்தம் முடிந்து அப்போது சரியாக ஒரு வருடம். தமிழ் ஆட்களும் சோனக முஸ்லிம் ஆட்களும் ஒருவர் கடையில் ஒருவர் தேத்தண்ணி குடிக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரிக் கதை ஒன்று போதும், அந்தக் கோப்பைகளை உடைக்க. எனக்கே கொஞ்சம் பயம் பிடித்தது.

அன்று பின்னேரம் பின்வேலிக்கு அங்கால் கனகரெத்தினத்தின் சத்தம் கேட்டது. நான் வேலியோரம் கீரை பிடுங்கிக்கொண்டிருந்தேன். கீரை அங்கேதான் முளைக்கிறது.

"ஏன் நீ அந்தாளோட இடம் மாறுறாய்?"

"அது சட்டம் அண்ணா. ஒருத்தன் பிழையா இடிச்சி நாங்க பவுல் ஊதினா, ரெப்ரி ரெண்டு பேரும் இடம் மாறணும்."

"ஆரு போட்ட சட்டம்? ஆம்பிளையையும் பொம்பிளையையும் மாறி மாறி நிக்க வைக்கிற சட்டம்?"

"ஆம்பிளை பொம்பிளை எண்டு அதில இல்ல அண்ணா. ரெப்ரி எண்டுதான் இரிக்கு."

"கண்ணால கதைக்கிறதும் சட்டமா?"

"ஓம். அதுவும் சட்டம்தான்," என்றா டீச்சர். "பந்தைக் குடுக்க முன்னம் மற்றவர் ரெடியா எண்டு பாக்கணும்."

"எனக்குச் சட்டம் படிப்பிக்காத. வாற சனிக்கிழமை பைனலுக்கு ஓமெண்டிட்டாய், போ. அதோட சரி. அதுக்குப் பிறகு விசிலும் வேணாம், கிசிலும் வேணாம்."

"அண்ணா, என்னட்ட இது ஒண்டுதானே இரிக்கு."

நான் கீரையைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் அந்த ஒன்றை நம்புங்கள்.

ஆனால் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கனகரெத்தினம் என் படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். சாரம், வெள்ளைச் சேட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி.

"அக்கா, நீங்கதானே கண்டனீங்க?"

"நான் என்னத்தக் கண்டன் தம்பி..."

"கண்டத எனக்கும் காட்டுங்க. இண்டைக்கு உங்கட மதிலடியிலதான் நான் நிப்பன். அவங்க எப்ப பாக்கிறாங்க, எப்பிடிப் பாக்கிறாங்க, ஒவ்வொண்டாச் சொல்லணும். நீங்க சொன்னது மெய்யெண்டா, பைனல் முடியுமட்டும் நான் பொறுக்கமாட்டன். நடுவில போய்க் கையப் பிடிச்சிக் கூட்டிக்கொண்டு வருவன்."

இரண்டு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து மதிலடியில் போட்டேன். வேறு என்ன செய்ய?

அந்தப் போட்டிக் கிண்ணத்தின் பெயர் சமாதானக் கிண்ணம். அந்த வருடம் பேக்கரிக்கும் அந்தப் பெயர்தான், ஓட்டோவுக்கும் அந்தப் பெயர்தான். பைனலுக்கு வந்தது பாண்டிருப்பு அணியும் சாய்ந்தமருது அணியும். வடக்கு வளையத்துக்குப் பின்னால் தமிழ்ச் சனம், தெற்கு வளையத்துக்குப் பின்னால் சோனகச் சனம். ஒருவரும் சொல்லவில்லை, தானாக அப்படி இருந்துகொண்டார்கள். நடுவில் மதிலடியில் நாங்கள் இரண்டு பேர். எங்களுக்கு நேரெதிரே, அந்தப் பக்கத்து நடுக்கோட்டில், புள்ளி எழுதுகிற மேசை. மேசைக்குப் பின்னால் கறுப்பு அபாயாவில் ஒரு பெண் தனியாக நின்றா. காலிதீன் சேரின் மனைவி. அவவும் பார்க்கத்தான் வந்திருந்தா.

விளையாட்டு தொடங்கியது. நடுவர் இரண்டு பேரில் ஒருவர் வளையத்துக்குக் கீழே நிற்பார், மற்றவர் பந்துக்குப் பின்னால் தூரத்தில் வருவார். பந்து மற்றக் கரைக்கு ஓடினால் பின்னால் நின்றவர் முன்னால் ஓடி அந்த வளையத்துக்குக் கீழே போவார். ஆகவே பவுல் ஒன்றும் விழாதவரை தெற்கு வளையத்துக்கு எப்போதும் காலிதீன் சேர், வடக்கு வளையத்துக்கு எப்போதும் டீச்சர்.

இதைக் கண்டதும் சனத்துக்கு மனம் நிறைந்துவிட்டது. எங்கள் ஊரில் எதையும் இரண்டாகப் பிரித்துத்தான் பழக்கம். செயலகம் இரண்டு, ஆஸ்பத்திரி இரண்டு, நிவாரண லிஸ்ட் இரண்டு. நடுவரையும் அப்படித்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் முடிவு கட்டிவிட்டது. நம்மட வளையத்துக்கு நம்மட ஆள்.

நாலாவது நிமிசம் காலிதீன் சேர் முதல் பவுலை ஊதினார். ஒரு கை முஷ்டியாக மேலே போனது. மேசைக்கு நடந்து விரல் காட்டினார். திரும்பி வந்து நேராக டீச்சரின் இடத்துக்குப் போனார். டீச்சர் தெற்கு வளையத்துக்குக் கீழே போய் நின்றா.

தெற்கில் இருந்து, அண்ணனைக் காக்கா என்கிற சனத்திடம் இருந்து, ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள்.

"காக்கா! எங்க போறீங்க? ஒங்கட இடம் இது!"

"எங்கட ஆள ஏண்டாப்பா அங்கால அனுப்பின?"

வடக்கிலும் அதே கூச்சல். "டீச்சர், அங்க என்ன வேல ஒங்களுக்கு? இங்கால வாங்க!" தெற்கில் இருந்து முகம்மது தம்பி என்ற வயசாளி ஒருவர் மேசைக்கே போய், ஆளை மாற்றிவிட்டார்கள், இது ஒப்பந்தத்தில் இல்லை என்று முறைப்பாடு கொடுத்தார். எந்த ஒப்பந்தம் என்று கேட்டதற்குச் சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

"இதுதானா அக்கா?" என்றார் கனகரெத்தினம்.

"இதுதான்."

"பாக்கிறாங்க எண்டீங்க?"

"பொறுங்க தம்பி. இனித்தான்."

நான் கண்ணை இமைக்காமல் பார்த்தேன். பந்தைக் கொடுக்க முன்னம் காலிதீன் சேர் தலையை நிமிர்த்தி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையை ஆட்டினா. முடிந்தது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தொடும் நேரம்கூட இல்லை.

"அந்தா!" என்றேன்.

"எங்க?"

"முடிஞ்சுது."

கனகரெத்தினம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது கொஞ்சம் நீளமான பார்வைதான்.

இரண்டாவது, மூன்றாவது, நாலாவது பவுல். ஒவ்வொன்றுக்கும் நான் "அந்தா" என்றேன், அவர் "எங்க" என்றார். அப்போதுதான் எனக்கு ஒரு விசயம் உறைத்தது. அந்த அரை விநாடியை விட்டால் மிச்ச நேரமெல்லாம் இவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? அதைக் காட்டலாம் என்று தேடத் தொடங்கினேன். டீச்சர் பந்து வைத்திருக்கிறவனின் கையைப் பார்த்தால், சேர் பந்தில்லாத கூட்டத்தின் முழங்கைகளைப் பார்க்கிறார். பந்து சேரின் பக்கம் போனால், டீச்சரின் கண் அதன் பின்னால் போகாமல் அப்படியே கழன்று, சேர் விட்டுவிட்டுப் போன இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பத்துப் பேர் ஓடுகிறார்கள், இருபது கை, இருபது கால். அத்தனையையும் நாலு கண்ணால் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். அவர் பார்க்கிற இடத்தை இவ பார்க்கவில்லை. இவ பார்க்கிற இடத்தை அவர் பார்க்கவில்லை.

நானும் இந்த ஒழுங்கையில் நாற்பது வருடமாகக் காதல் சோடிகளைக் கண்டுபிடித்து வருகிறேன். ஒருவரை ஒருவர் பார்க்காத சோடி உண்டு, அது நடிப்பு. ஆனால் அரை மணித்தியாலம் முழுவதும் ஒரே இடத்தை ஒரு தரமாவது சேர்ந்து பார்க்காத சோடியை நான் கண்டதில்லை. இது வேறு என்னவோ. என் கணக்கில் இல்லாத ஒன்று. அதைக் கனகரெத்தினத்திடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் பேசாமல் இருந்தேன்.

இடைவேளைக்குக் காலிதீன் சேர் நேராக எங்கள் மதிலடிக்கே வந்தார். "அக்கா, கொஞ்சம் தண்ணி தாறீங்களா?" சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. டீச்சர் மேசையடியில் அபாயாப் பெண்ணிடம் போத்தல் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தா. செம்பை நீட்டினேன். அவருக்குப் பக்கத்தில் கனகரெத்தினம் கதிரையை விட்டு எழும்பினார்.

"நான் சுலோஜனாட அண்ணன்," என்றார் கனகரெத்தினம்.

"தெரியும் அண்ணன். கடக்கரையில கண்டிரிக்கன்." காலிதீன் சேர் அண்ணாந்து குடித்து முடித்து, செம்பை இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

"ஒண்டு கேக்கணும். ஏன் இந்த இடம் மாறுற?"

எதற்காகக் கேட்கிறார் என்று காலிதீன் சேருக்கு விளங்கியிருக்க வேண்டும். முகம் ஒருதரம் சிவந்தது. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்.

"ஒருத்தனுக்கு பவுல் ஊதினா அவனுக்குக் கோவம் வரும் அண்ணன். ஊதின ஆளே மறுகாவும் அவன்ட முகத்துக்கு முன்னால நிண்டா அந்தக் கோவம் ஆறாது. எனக்கும் அவன்லயே கண் நிக்கும். அதால ஊதினவர் விலகிப் போறது, மற்றவர் வந்து அந்த இடத்தில நிக்கிறது. அவ்வளவுதான்."

டீச்சரின் விசில் கேட்டது. அவர் ஓடிவிட்டார்.

கனகரெத்தினம் கதிரையில் இருக்கவில்லை. மதிலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்காமலே கதைத்தார்.

"அக்கா, நாங்க வலை இழுக்கிறதக் கண்டிரிக்கீங்கதானே?"

"ஓம்."

"தண்ணிக்கரையில கயித்தப் பிடிக்கிறவன் இழுத்து இழுத்துப் பின்னால வருவான். கடைசிக்கு வந்தோடன விட்டுட்டு, திரும்ப நடந்து போய்த் தண்ணிக்கரையில பிடிப்பான். ஒரே ஆளையே தண்ணிக்கரையில விட்டா அவன்ட கால்தான் எல்லா அலையையும் வாங்கும். அதுக்குத்தான் மாறுற."

நான் சரி என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் "எங்க" என்று கேட்கவே இல்லை. விசில் ஊதியதும், "இப்ப மாறுவாங்க," என்று தனக்குத்தானே சொன்னார். மாறினார்கள். "சரி," என்றார், தன் ஆட்கள் கயிறு பிடித்ததைப் பார்த்த மாதிரி.

கடைசி அரை நிமிசம் இருந்தது. சாய்ந்தமருது ஐம்பத்தெட்டு, பாண்டிருப்பு ஐம்பத்தேழு. சாய்ந்தமருதின் நட்சத்திரம் பதினோராம் நம்பர் ஸைனுலாப்தீன், ஆறடிக்கு மேல் உயரம். நாலு பவுல் வாங்கியிருந்தான். ஐந்தாவது வாங்கினால் வெளியே போக வேண்டும். பாண்டிருப்பு வினோதன் பந்தோடு தெற்கு வளையத்துக்குப் பாய்ந்தான். ஸைனுலாப்தீன் மறித்தான். இரண்டு பேரும் மேலே எழும்பினார்கள். பந்து ஒரு பக்கம் போனது.

வளையத்துக்குக் கீழே நின்றது டீச்சர்.

விசில். டீச்சரின் முஷ்டி மேலே போனது. மற்றக் கை நீண்டு ஸைனுலாப்தீனின் இடுப்பைக் காட்டியது.

தெற்குப் பக்கம் முழுவதும் ஒரே வாயாகக் கத்தியது. சோடாப் போத்தல் ஒன்று வந்து ஆடுகளத்தில் உருண்டது. வினோதனின் கூட்டாளி ஒருவன் என்னவோ சொல்ல, சாய்ந்தமருதுப் பொடியன் ஒருவன் அவன் நெஞ்சில் நெஞ்சை முட்டினான். வடக்கில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். அந்த ஒரு கணத்தில் எனக்கு எத்தனையோ வருடம் கண் முன்னால் வந்து போனது. எது எதிலிருந்து தொடங்கும் என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

டீச்சர் முதுகைக் காட்டித் திரும்பினா.

நடந்தா. ஓடவில்லை. கத்துகிற சனம் முழுவதும் பின்னால், கோபத்தில் பத்துப் பொடியன்கள் பின்னால். மேசையைப் பார்த்து நேரே நடந்தா. ஒருதரம்கூடத் தலையைத் திருப்பவில்லை. மேசைக்கு முன்னால் நின்று ஒரு கை முஷ்டியும் மற்றக் கையில் ஒரு விரலுமாகப் பதினொன்று காட்டினா. மணிக்கட்டில் தட்டி, கையில் அடித்தான் என்று காட்டினா. வினோதனுக்கு வளையத்துக்கு இரண்டு எறி என்று இரண்டு விரல் காட்டினா. வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதுபோல் ஆறுதலாக, அவசரமில்லாமல்.

"முதுகக் காட்டிட்டுப் போறாள்," என்றார் கனகரெத்தினம். மதிலில் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தார், குதிக்கத்தான். குதிக்கவில்லை. "அக்கா, இந்தச் சனத்துக்கு முன்னால முதுகக் காட்டி நடக்க நமக்குள்ள ஆரால ஏலும்?"

"அங்க பாருங்க," என்றேன் நான்.

காலிதீன் சேர் அந்தப் பத்துப் பேருக்கும் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். கையைக் கட்டவில்லை, விசிலை ஊதவில்லை, ஒருவனையும் தொடவில்லை. கண் மட்டும்தான். முட்டிக்கொண்டு நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். அவர்கள் விலகினார்கள். பின்னால் இருந்தவனைப் பார்த்தார். அவன் போத்தலை எடுத்து வெளியே வைத்தான். அவருடைய ஊர் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று கத்தியது.

"காலிதீன் காக்கா! ஒங்கட கண்ணு எங்க வெச்சிரிக்கீங்க?"

"அவ பொய்க்கு ஊதுறா! சொல்லுங்க காக்கா!"

"நம்மட பொடியன் காக்கா அவன்!"

அவர் கிறுகித் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் பக்கமும் பார்க்கவில்லை. டீச்சர் மேசையடியில் என்ன செய்கிறா என்று அவருக்குப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று டீச்சருக்கும் பார்க்கத் தேவை இருக்கவில்லை. என் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் போய், பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். மனிதர் ஒருவரை ஒருவர் இந்த அளவுக்கு நம்பி நிற்பதை அன்றுதான் கண்டேன். வாயைத் திறந்தபடி நின்றிருந்தேன் என்று பிறகு குஞ்சம்மா சொன்னா.

மேசையில் ஐந்து என்று எழுதிய அட்டையைத் தூக்கினார்கள். ஸைனுலாப்தீன் அதைப் பார்த்தான், பிறகு காலிதீன் சேரைப் பார்த்தான். அவர் தலையை மெல்ல அசைத்தார். அவன் வெளியே போனான்.

டீச்சர் திரும்பி வந்தா. வளையத்தடிக்குப் போகவில்லை. தூரத்து இடத்தில் போய் நின்றா. காலிதீன் சேர் பந்தை எடுத்துக்கொண்டு தெற்கு வளையத்துக்குக் கீழே போனார், கத்திக்கொண்டிருந்த தன் சனத்தின் வாய்க்கு நேரே. இனி அங்கே ஏச்சு வாங்குகிறவர் அவர். அந்த ஏச்சு எல்லாம் அவருக்குப் பழக்கமான குரல்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக இறங்கியது. வடக்கில் எழும்பி நின்றவர்களும் இருந்துவிட்டார்கள்.

பந்தைக் கொடுக்க முன்னம் அவர் தலையை நிமிர்த்தி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையை ஆட்டினா.

நான் "அந்தா" என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கனகரெத்தினம் கண்டுவிட்டார். மதிலில் இருந்து காலை இறக்கினார்.

வினோதன் ஒன்றைப் போட்டான், மற்றதைத் தவறவிட்டான். ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு. தவறிய பந்தைச் சாய்ந்தமருது பிடித்து, வடக்குக்குக் கொண்டுபோய்ப் போட்டது. அத்தோடு ஆட்டம் முடிந்தது. நட்சத்திரம் வெளியே போயும் அவர்கள் வென்றார்கள். ஆகவே பொய்க்கு ஊதினார்கள் என்ற பேச்சும் அங்கேயே படுத்துவிட்டது. ஸைனுலாப்தீனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அபாயாப் பெண் காலிதீன் சேரின் மோட்டார் சைக்கிளில் ஏறி இருக்கும்போது டீச்சருக்குக் கையைக் காட்டினா. சோறு தின்னாதவள் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

சனம் கலைந்த பிறகு டீச்சர் மதிலடிக்கு வந்தா. முகம் உப்புப் பூத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அதற்கு அவவுக்கு உரிமை இருந்தது.

"அண்ணா, முடிஞ்சுது. அக்கரைப்பற்று மேட்சுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லி மேசையில சொல்லிட்டன். வீட்ட போவம்."

கனகரெத்தினம் மதிலில் ஊன்றிய கையை எடுக்கவில்லை.

"மூண்டாவது குவாட்டர்ல," என்றார், "சாய்ந்தமருது ஏழாம் நம்பர், பின்னால நிண்டு தள்ளினான். காலிதீன் ஊதினார்."

"ஓம்."

"நீங்க ரெண்டு பேரும் மாறல்ல."

டீச்சர் முழித்தா. நானும் முழித்தேன். என் கண்ணுக்கே தப்பிய ஒன்று இந்த ஆளுக்குப் பட்டிருக்கிறது. டீச்சர் விரலால் காற்றில் எதையோ எண்ணிப் பார்த்தா. பிறகு கையை நெற்றியில் வைத்தா.

"ஐயோ. ஓம் அண்ணா. மாறல்ல. மறந்திட்டம்."

"மறந்திட்டீங்க. அடுத்த பவுல் வருமட்டும் அந்த மனுசன் அந்த வளையத்தடியிலேயே நிண்டு அவங்கட ஏச்செல்லாம் வாங்கினார்." அவருக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது. வலைக்காரர்களை ஏசுகிற அதே சத்தம். "உன்ட முறையெல்லோ அது? நீ போயிரிக்கணும்."

டீச்சர் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றா.

"மேசைக்காரன் போறதுக்குள்ள ஓடிப் போய்ச் சொல்லு," என்றார் கனகரெத்தினம். "அக்கரைப்பற்றுக்கு வேற ஆள் வேணாம் எண்டு."

டீச்சர் ஓடினா. மேசைக்கு நடந்தபோது ஓடாத கால், இப்போது ஓடியது.